சந்தேகப்பட்டு உதவிய ஜீவராஜுக்கு

— இந்த மலைநாட்டுல பொய் சொல்லாத ஆட்டோக்காரன் ஒரே ஒருத்தன்தான் மிஸ். அவன் வண்டியிலதான் நீங்க இப்ப உக்காந்திருக்கீங்க. ஃபோன்ல பதியுறீங்கதானே, அதையே மொத வரியா வச்சிக்கங்க. ஜீவராஜ், அட்டன் ஸ்டாண்ட், பொய் சொல்லாதவன்.

— பொறுங்கோ தம்பி. நான் பதியிறது நாகலெட்சுமி டீச்சரைப் பற்றி. அவவின்ர பன்னிரண்டாவது நாவலோட, அவவின்ர வாழ்க்கையைச் சொல்லுற சின்னப் புத்தகம் ஒண்டும் சேர்த்துப் போடப் போறம். பதிப்பகத்தில அது என்ர வேலை. அவவை எல்லா இடமும் ஏத்திக்கொண்டு திரியிறது நீங்கள்தான் எண்டு சொன்னவை. அதுதான் கேட்டனான். உங்கட வாழ்க்கையை நான் கேக்கேல்லை.

— ரெண்டும் ஒண்ணுதான் மிஸ். நான் இல்லாட்டி அந்தம்மா ஒரு கொலைகூட செஞ்சிருக்க முடியாது.

— அப்பிடியோ.

— பதினோரு நாவல், பதினோரு கொலகாரன். பதினொண்ணையும் கண்டுபிடிச்சது நான். மாத்தி எழுதுனது டீச்சர்.

— எனக்கு விளங்கேல்லை.

— கேளுங்க. எழுதுறதுக்கு முந்தி அவங்களுக்குக் கதைய வாயால ஒருக்கா சொல்லிப் பாக்கணும். அது இந்த வண்டியிலதான். லிந்துலைல ஏறுனா அட்டன் வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம். திரும்பிப் போறப்ப இன்னொண்ணு. கடைசி அத்தியாயத்த மட்டும் சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பதிலா தோட்டத்து ரோட்டுல ஒரு ஏத்தம் இருக்கு, வண்டி மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவா ஏறும், அங்க வச்சி கேப்பாங்க. ஜீவா, யாருடா கொன்னதுன்னு. நான் டக்குன்னு பேரச் சொல்லுவேன். அவங்க ‘ம்’ம்பாங்க. அவ்வளவுதான். புத்தகம் வந்ததும் பாத்தா வேற ஆளு கொன்னிருப்பான்.

— அப்ப நீங்கள் பிழையாச் சொல்லியிருக்கிறியள்.

— இல்ல மிஸ். நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சதும் அவங்க ஆள மாத்திருவாங்க. ஆட்டோக்காரன் கண்டுபிடிச்ச கொலகாரன அப்படியே புத்தகத்துல போட யாருக்குத்தான் மனசு வரும்? நான் அதுக்குக் கோவிச்சுக்கிறதில்ல. எழுத்தாளருன்னா பொய்தானே பொழப்பு.

— பெயர் சொன்னாப் போதுமோ? ஏன் அவரைச் சந்தேகப்படுறியள் எண்டு ஒரு காரணமும் சொல்ல மாட்டியளோ?

— உண்மைக்கு எதுக்கு மிஸ் காரணம்? பொய்க்குத்தான் அது வேணும். எங்க ஸ்டாண்டுல வந்து பாருங்க. நெசமா டயர் போயி லேட்டானவன் ‘பஞ்சர்’ம்பான், முடிஞ்சிது. வீட்டுல இழுத்துப் போத்திக்கிட்டு தூங்குனவன்தான் மாமியாருக்கு வயித்துவலி, கொட்டகலைல மரம் விழுந்துச்சு, வர்ற வழில ஒரு கர்ப்பிணிப் பொண்ணுன்னு மூணு காரணத்தோட வருவான்.

— சரி, அதை விடுவம். டீச்சர் எழுதத் தொடங்கின கதையைச் சொல்லுங்கோ. அவவிட்டக் கேட்டா ‘சும்மா எழுதினன்’ எண்டு ஒரு சொல்லோட முடிச்சுப்போடுறா.

— அது பெரிய கத. அவங்க அந்த ஏத்தத்துக்கு மேல உள்ள தோட்டத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துக் காம்பராவுல பொறந்தவங்க. அம்மா கொழுந்தெடுத்தாங்க, அப்பா ஃபெக்டரில அடுப்புக்கு வெறகு போட்டாரு. அங்க உள்ள பள்ளிக்கூடத்துலயே படிச்சி, அங்கேயே டீச்சராகி, அங்கேயே பென்ஷனும் எடுத்தாச்சு. நாப்பது வயசுக்கு மேலதான் மொத நாவல். அத கொழும்புல ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. ஒங்க பதிப்பகம் இல்ல மிஸ், பயப்படாதீங்க. அங்க இருந்த ஐயா படிச்சே பாக்கலயாம். சரித்திர நாவல்னா ராஜா வேணும், குதிர வேணும், அரண்மன வேணும், தேயிலக் காட்டுல என்னம்மா சரித்திரம்னு கேட்டாராம்.

— அதுக்கு அவ என்ன சொன்னவ?

— ராஜா இல்லீங்க, தொரை இருக்கான். குதிர இருக்கு, அவன்தான் அதுல போறான். அரண்மனைக்குப் பங்களா இருக்கு. பொணமும் இருக்கு. இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்னாங்களாம்.

— இது எனக்குத் தெரியாத கதை. பிறகு?

— பொறகென்ன, ஞாயித்துக்கிழம பேப்பர்ல தொடரா வந்துச்சு. அதுலதானே அம்மாக்கண்ணு மொதல்ல வர்றா. நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தின மருத்துவிச்சி. வேற யாராச்சும் எழுதியிருந்தா ஒரு பொலிஸ்காரன துப்பறிய விட்டிருப்பாங்க. டீச்சருக்கு மூள இருக்கு. பொலிஸ்காரன்னா கதவத் தட்டணும். மருத்துவிச்சிக்கு எல்லாக் கதவும் தொறந்தே கெடக்கும். லயத்துக்காம்பராவும் சரி, பங்களாவும் சரி. உள்ள போனதும் மொத வார்த்த, ‘சுடுதண்ணி கொண்டாங்க, கை கழுவணும்.’ பொறப்பா இருந்தாலும் அதான், சாவா இருந்தாலும் அதான். என் சம்சாரம் நிஷாந்தி எங்க புள்ளைங்கள சோத்துக்குக் கூப்புடுறதே அந்த வார்த்தைலதான்.

— உங்கட மனுசி டீச்சரின்ர வாசகியோ?

— அத ஏன் கேக்குறீங்க. எனக்குக் கல்யாணமே அந்தப் புத்தகத்தாலதான் ஆச்சு. ஒவ்வொரு புத்தகத்துலயும் மொதப் பக்கத்துல நன்றி போட்டிருக்கும், பாத்திருப்பீங்க.

— ஓம். ‘சந்தேகப்பட்டு உதவிய ஜீவராஜுக்கு.’

— அதேதான். வட்டவளையில பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணோட அப்பா என்னையப் பாத்து தம்பி என்ன தொழில்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்க முன்னம் பொண்ணு உள்ளருந்து, ‘அப்பா, அவரு புத்தகத்துல வர்றவரு’ன்னுச்சு. அதுக்கு மேல மனுஷன் ஒண்ணும் கேக்கல. ஆட்டோ ஓட்டுறேன்னு தெரிஞ்சதே கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

— நல்லது. இவ்வளவு நன்றி வச்சிருக்கிற நீங்கள், அவவைப் பொய்க்காரி எண்டும் சொல்லுறியள்.

— உள்ளதத்தானே சொல்றேன். ஒருக்கா பழைய வெள்ளக்காரக் கல்லறை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனேன். கல்லுல உள்ள பேரு, செத்த காரணம் எல்லாம் பாக்கணும்னாங்க. காவல்காரரு வெளியாள விட முடியாதுன்னு சிங்களத்துல சொன்னாரு. டீச்சர் நெத்தியில திருநூறோட, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, நான் இந்தத் தொரையோட பேத்திக்குப் பேத்தின்னாங்க. நான் ஓடிறலாமான்னு பாத்தேன். அதோட விட்டாங்களா? அந்தத் தொரைக்கு ஒரு குடும்பச் சண்ட, கப்பல்ல வந்த பொண்டாட்டி, காய்ச்சல்ல செத்த புள்ள, எல்லாம் சிங்களத்துலயே. முடியிறப்ப காவல்காரரு கண்ணத் தொடச்சிக்கிட்டு, டீச்சருக்கு உக்கார கதிர கொண்டாந்து போட்டாரு. எனக்கு வெக்கமா போச்சு மிஸ். ஒரு மனுஷியால எப்படி அவ்வளவு நீளத்துக்குப் பொய் சொல்ல முடியுது? எனக்கெல்லாம் ஒரு வரி வராது. நாக்கு ஒட்டிக்கும்.

— அப்ப ஏன் அவவோட அலையிறியள்? பொய் பிடிக்காட்டி விட்டிட்டுப் போயிருக்கலாமே.

— போகத்தான் பாத்தேன். பெட்ரோல் இல்லாத அந்த வருஷம் ஞாபகம் இருக்கா?

— ஆருக்கு மறக்கும்.

— நாள் கணக்கா கியூவுல கெடந்தோம். வண்டிய வித்துட்டு கொழும்புக்குக் கட வேலைக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்ப ஒரு நாள் டீச்சர் கொடையப் புடிச்சிக்கிட்டு, ஃப்ளாஸ்க்ல தேத்தண்ணியோட நடந்தே வந்தாங்க. வண்டி போகாதே டீச்சர்னேன். நான் எங்கயும் போகச் சொல்லலியேன்னு பின் சீட்ல உக்காந்து கத சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும். எட்டாவது புத்தகம் முழுசும் அந்தக் கியூவுல சொன்னதுதான். முன்னால நின்ன லொறிக்காரன், பின்னால நின்ன வேன்காரன் எல்லாம் எங்க வண்டியச் சுத்தி நின்னாங்க. சிங்களப் பொடியன்களுக்கு நான் சிங்களத்துல மாத்திச் சொல்லுவேன். கியூ நகந்தாகூட போக மாட்டானுங்க, கங்காணிக்கு என்னாச்சுன்னு சொல்லிட்டுப் போம்பானுங்க.

— கொழும்புக்குப் போகேல்லையோ?

— எப்படிப் போறது? கொலகாரன் யாருன்னு தெரியலியே. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்தேன். அதுக்குள்ள பெட்ரோல் வந்துருச்சு.

— அவ வேணுமெண்டுதான் வந்திருக்கிறா, என்ன?

— அத நான் கேட்டதில்ல. கேட்டா ‘சும்மா வந்தேன்’பாங்க. அதுவும் பொய்யாத்தான் இருக்கும்.

— சரி தம்பி. இந்தப் பன்னிரண்டாவது நாவலுக்கு வருவம். கடைசி அத்தியாயத்தைத் தவிர மிச்சம் எல்லாம் உங்களுக்குச் சொல்லிப்போட்டா எண்டு கேள்விப்பட்டன். இண்டைக்கு அந்த ஏத்தத்தில உங்களிட்டக் கேக்கப் போறாவாம்.

— ஆமா. லிந்துலை கோயில் சந்தியில ஏறிக்கிறேன்னு சொன்னாங்க. கேப்பாங்க.

— ஆரைச் சொல்லப் போறியள்?

— இந்த தடவ சொல்ல மனசு வரல மிஸ்.

— ஏன்?

— ஆள் தெரிஞ்சிருச்சு. எப்பவும் யாரு மூஞ்சி சரியில்லையோ அவனச் சொல்லுவேன். இதுல அப்படி இல்ல. கத ஒங்களுக்குத் தெரியும்தானே. பெரிய கங்காணி அவன் காம்பராவுக்குள்ள, அவனோட வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியாலயே அடிபட்டுக் கெடக்குறான். ராத்திரி செத்திருக்கான், விடியத்தான் பாக்குறாங்க. அவன் மேல கோவம் இல்லாத ஆளே தோட்டத்துல கெடையாது. கண்டாக்குக்குக் கோவம், கணக்கப்பிள்ளைக்குக் கோவம், குசினிக்காரனுக்குக் கோவம்.

— இந்தக் கண்டாக்கு எண்டுறது…

— தொரைக்கு அடுத்த ஆளு. மல மேல நின்னு வேல வாங்குறவன். அவனாத்தான் இருக்கும்னு நானும் மொதல்ல நெனச்சேன். அப்புறம்தான் ஒண்ணு ஒறச்சுது. விடிஞ்சதும் ஆளுங்க ஓடிப் போயி அம்மாக்கண்ணுவக் கூட்டியாறாங்க. அவ உள்ள போறா. போத்தியிருந்த துணியத் தூக்கிப் பாக்குறா. பேசுறா. வெளிய வர்றா. ஆனா மிஸ், சுடுதண்ணி கேக்கல.

— அதுக்கு?

— பதினோரு புத்தகத்துலயும் கேட்டவ, அன்னைக்கி மட்டும் கேக்கல. ஏன்னா அவ ராத்திரியே கழுவிட்டா. அம்மாக்கண்ணுதான் கொன்னா. நான் இத நிஷாந்திகிட்டகூட சொல்லல. சொன்னா எனக்கு சோறு கெடைக்காது.

— ஏன் கொலை செய்தவ எண்டு நினைக்கிறியள்?

— கங்காணி லயத்துப் பொண்ணுங்களுக்கு செஞ்சது ஊருக்கே தெரியும். பிரசவம் பாத்தவளுக்கு அதுக்கும் மேல தெரியும். அவ செஞ்சது தப்புன்னு எனக்கு வாய் வரல. ஆனா அவதான்.

— தம்பி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். சொல்லக் கூடாது எண்டு டீச்சர் சத்தியம் வாங்கினவ. ஆனா இப்ப சொல்லாமல் இருக்க ஏலாது.

— சொல்லுங்க.

— அவ ஒரு நாளும் ஆளை மாத்தினதில்லை. முதல் அத்தியாயம் எழுத முன்னமே கொலைகாரன் ஆரெண்டு எனக்குச் சொல்லிப்போடுவா. நீங்கள் சொன்னது பதினொரு முறையும் பிழை.

— பதினொண்ணுமா?

— பதினொண்டும்.

— மூணாவது புத்தகத்துல அந்தக் குசினிக்காரன்?

— அவன் ஒரு பாவமும் செய்யாதவன், தம்பி.

— அவன் முழியே சரியில்லாம இருந்துச்சே.

— அதுதான் விசயம். வாசிக்கிற சனம் ஆரைச் சந்தேகப்படுமோ, நீங்கள் அச்சொட்டா அவரைச் சொல்லுவியளாம். நீங்கள் பெயரைச் சொன்ன உடனை, தன்ர கதை பிடிபடாமல் தப்பீட்டுது எண்டு அவ நிம்மதியாப் போயிருந்து கடைசி அத்தியாயம் எழுதுவா. அந்த நன்றி மெய்யான நன்றி. உங்களை நம்பித்தான் அவ இவ்வளவும் எழுதினவ… ஏன் வண்டியை நிப்பாட்டிப்போட்டியள்?

— பனி, மிஸ்.

— பனியைக் காணேல்லையே.

— வரும்.

— கோவமோ?

— இல்ல. அப்ப இந்த தடவ சொன்னது?

— சரி.

— நான் சொன்னது சரி.

— ஓம்.

— இன்னொருக்கா சொல்லுங்க மிஸ், ஃபோன் கிட்டப் புடிச்சி. பதியட்டும்.

— சரி தம்பி, மெத்தச் சரி. ஆள் ஆரெண்டு தெரிஞ்சு வாசிச்சும் அந்தச் சுடுதண்ணியை நான் கவனிக்கேல்லை. ஆனா நான் சொன்னா அவ நம்ப மாட்டா. ‘ஜீவா கண்டுபிடிச்சா ஊரே கண்டுபிடிக்கும், அப்பிடியெண்டா கதையை அப்பிடியே அடுப்பில வைப்பன்’ எண்டு போன கிழமையும் ஃபோனில சொன்னவ. விளையாட்டுக்கு இல்லை. அவவின்ர கண் நல்லா மங்கீட்டுது. இதுதான் கடைசி நாவல் எண்டும் சொல்லிப்போட்டா. திருப்பி ஒண்டு எழுத அவவால ஏலாது.

— அடுப்புல வப்பாங்களா?

— செய்வா. உங்களுக்குத் தெரியாதோ அவவை?

— தெரியும். செய்வாங்க. அப்ப நான் வேற பேரச் சொல்லணும்.

— நான் அப்பிடிச் சொல்லேல்லை.

— பொய் சொல்லணும்.

— நான் ஒண்டும் சொல்லேல்லை தம்பி.

— பதினோரு தடவ என் மனசுல பட்டதச் சொன்னேன், எல்லாம் பிழ. வாழ்க்கைல மொத தடவ ஒண்ணு சரியா வந்துருக்கு. அத வாயத் தொறந்து சொல்லக் கூடாதுங்கிறீங்க. நான் பொய் சொல்ல மாட்டேன் மிஸ். ஒங்க ஃபோன்லயே மொத வரியில இருக்கு.

— ஓம், இருக்கு.

— எனக்கு வரவும் வராது. அந்தம்மா மொகத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும்.

— சரி. வெளிக்கிடுவம். நேரம் போகுது.

— போவோம்.

— தலவாக்கலை தாண்டீட்டமோ?

— தாண்டியாச்சு.

— ஆளில்லாத ரோட்டில ஏன் தம்பி ஹோர்ன் அடிக்கிறியள்?

— மிஸ்.

— ஓம்?

— அந்த மொத வரிய மட்டும் அழிக்க முடியுமா?

— அழிக்கிறன்.

— அந்தா, சந்தியில நிக்கிறாங்க. கொடையப் புடிச்சிக்கிட்டு, மழையும் இல்லாம வெயிலும் இல்லாம. டீச்சர், பையக் குடுங்க. பாத்து ஏறுங்க, படி இந்தப் பக்கம்.

— படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா ஜீவா. கண்ணுதான் மங்கல், காலு இல்ல. வாங்க மதுரா, பிரயாணம் எப்படி? ரயில் அட்டனோட நின்னுருச்சாமே. வழி நெடுக இவன் என்னையப் பத்தி என்னென்ன சொன்னான்?

— எல்லாம் நல்லதுதான் சொன்னவர் டீச்சர். கல்லறைக் கதையும் சொன்னவர்.

— அதுல நான் தொரையோட பேத்திக்குப் பேத்தி. நல்ல வேஷம். அந்தக் காவல்காரரு இப்பவும் என்னையக் கண்டா எழும்பி நிப்பாரு. ஜீவா, மல்லியும் கறிவேப்பிலையும் வாங்கியிருக்கேன், நிஷாந்திக்குப் பாதி எடுத்துக்க.

— சரி டீச்சர்.

— என்னடா, ‘சரி டீச்சர்’ங்கிற? ஒன் பேச்சு ஒத்த வார்த்தையோட நிக்காதே. மதுரா, நீங்க எழுதுற அந்தப் புத்தகத்துல ஒண்ணு எழுதுங்க. நான் எழுத ஆரம்பிச்சப்ப ஊருல யாரும் படிக்கல. பள்ளிக்கூடத்துல மத்த டீச்சர்மாரு, வேலையில்லாத பொம்பளன்னு சிரிச்சாங்க. தேயிலக் காட்டுக்காரி கொலக்கத எழுதுறாளாம்னு. அப்ப நான் சொல்லச் சொல்ல, ‘அப்புறம்?’னு கேட்ட மொத மனுஷன் இவன்தான். வண்டிய ஓட்டிக்கிட்டே திரும்பித் திரும்பிப் பாத்துக் கேப்பான். ரெண்டு தடவ பள்ளத்துல எறங்கப் பாத்தோம். அந்த ‘அப்புறம்?’ இல்லாட்டி நான் ஒரு நாவலோட நின்னிருப்பேன்.

— எழுதுறன் டீச்சர். அப்பிடியே எழுதுறன்.

— இந்தா, ஏத்தம் வந்துருச்சு. வண்டி மூச்சு வாங்குது. ஜீவா, கேக்கவா?

— கேளுங்க.

— கங்காணியக் கொன்னது யாரு?

— கங்காணியவா?

— என்ன யோசன? நீ யோசிக்கிற ஆளு இல்லியே.

— கண்டாக்கு, டீச்சர்.

— ம்.

— ஏன்னா கொழுந்து நிறுக்கிற எடத்துல, ஆளுங்க முன்னால, கங்காணி அவன மரியாத இல்லாம பேசுனான்ல. அதான் மொதக் காரணம். அப்புறம் அன்னைக்கி ராத்திரி அவன் குதிர லாயத்துல இல்ல. அப்புறம் விடியக்காலைல அவன் பொண்டாட்டி அவனோட கோட்டத் தொவச்சி அடுப்புக்கு மேல காயப் போட்டிருக்கா. மழ நாள்ல யாராச்சும் கோட்டுத் தொவைப்பாங்களா டீச்சர்? ரத்தம் பட்டிருந்தாத்தானே தொவைக்கணும்.

— கோட்டுத் தொவச்சதா நான் சொல்லவே இல்லியே.

— சொன்னீங்க. கொட்டகலையத் தாண்டி வர்றப்ப சொன்னீங்க. எஞ்சின் சத்தத்துல ஒங்களுக்கே கேட்டிருக்காது.

— ஓ.

— நீல கோட்டு. பித்தள பட்டன். அதுல ஒரு பட்டன் இல்ல.

— பட்டனும் இல்லியா. ஜீவா, வண்டிய அப்படி ஓரமா நிப்பாட்டு. மதுரா, இவன்கிட்ட சொல்லிட்டீங்க.

— டீச்சர்… மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவர் சரியான பெயரைச் சொன்னவர். சுடுதண்ணியைக் கண்டுபிடிச்சிட்டார். கதையை எரிச்சுப்போடுவியள் எண்டு எனக்குப் பயம்.

— மிஸ் மேல தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். நான் நெசமாவே கண்டாக்குன்னுதான்…

— நீ சும்மா இரு. பதினோரு தடவையும் பேர மட்டும்தான் சொன்ன. ஒரு தடவகூட காரணம் சொன்னதில்ல. இன்னைக்கி மூணு காரணம், ஒரு கோட்டு, அதுல ஒரு பட்டன் வேற இல்ல. எனக்கு இது போதாதா?

— எரிப்பியளோ, டீச்சர்?

— எரிச்சா கடைசி அத்தியாயத்த எங்க கொண்டு போயி வைக்கிறது? மதுரா, நான் ஒங்ககிட்ட முழுசும் சொல்லல. இவன் பதிலுக்காகத்தான் கடைசி அத்தியாயம் காத்திருக்குன்னு சொன்னேன். அது பாதிதான். பொலிஸக் கூட்டிக்கிட்டு தொரை லயத்துக்கு வர்றான். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கிறான். அவதான் கொன்னான்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவ கையில பொறந்தவங்க. அவங்க காட்டிக் குடுத்ததா எழுதிப் பாத்தேன், மனசு கேக்கல. மறச்சதா எழுதிப் பாத்தேன், எனக்கே நம்பிக்க வரல. ஒரு வார்த்த தப்பாப் பேசுனா அடிச்சித் தொரத்துற காலம். பொய்யே சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்தன், தனக்கு ஒரு லாபமும் இல்லாம, ஒருத்தி எப்பவோ செஞ்ச நல்லத மனசுல வச்சிக்கிட்டு, தொரை மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லுவானா? அத நான் கண்ணால பாத்ததில்ல.

— இப்ப?

— இப்ப பாத்தாச்சு. பித்தள பட்டனோட பாத்தாச்சு.

— தம்பி, கேட்டியளோ? அவ எரிக்க மாட்டா.

— கேட்டுச்சு மிஸ்.

— ஜீவா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. நான் இப்ப தொரை. எனக்குப் பக்கத்துல மதுரா பொலிஸ். நீ லயத்து வாசல்ல நிக்கிற, தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு. கங்காணியக் கொன்னது மருத்துவிச்சி அம்மாக்கண்ணுதானேன்னு நான் கேக்குறேன். காரணமெல்லாம் வேணாம்டா. ஒரு வரி போதும்.

— எஞ்சினை நிப்பாட்டிப்போட்டார், டீச்சர்.

— பரவால்ல. யோசிக்கட்டும்.

— அம்மாக்கண்ணா? எங்க தோட்டத்துல அப்படி ஒருத்தரும் இல்லீங்களே, தொரை.